இறைச்சிக்கோழியின் வளர்ச்சிக் குறைவும் தீவன வடிவமும்: அறிகுறியிலிருந்து காரணத்தை அறியும் வழிமுறை

ஒரே சூத்திரத்தின்படி, ஒரே மூலப்பொருள்களைக் கொண்டு தயாரித்த தீவனத்தை மாவாகவும், குருணையாகவும், பெல்லட் என்னும் குச்சி வடிவிலும் பிரித்து மூன்று கொட்டகைகளுக்குக் கொடுத்தால், ஐந்தாம் வார முடிவில் மூன்று கொட்டகைகளின் சராசரி எடையும் ஒன்றாக இருப்பதில்லை. ஆனாலும் எடை குறையும்போது பெரும்பாலான பண்ணைகளில் முதலில் சந்தேகிக்கப்படுவது சூத்திரம்தான். புரதத்தைக் கூட்டலாமா, எண்ணெயைக் கூட்டலாமா, வைட்டமின் கலவையை மாற்றலாமா என்ற பேச்சு உடனே தொடங்கிவிடுகிறது. தொட்டியில் கிடக்கும் தீவனம் உண்மையில் எந்த வடிவில் கோழியின் அலகுக்குச் சேர்கிறது என்பதை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆலையை விட்டுப் புறப்படும்போது பெல்லட்டாக இருந்த தீவனம், தொட்டியின் கடைக்கோடிக்கு வருவதற்குள் பாதி தூளாகியிருக்கலாம். அப்போது பெல்லட்டுக்கு விலை கொடுத்தவர் மாவுத் தீவனத்தின் பலனைத்தான் பெறுவார்.

வடிவத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோழிக்குப் பல் இல்லை. அது ஒவ்வொரு துணுக்கையும் அலகால் பற்றி எடுத்து விழுங்குகிறது. துணுக்கு சிறுக்கச் சிறுக்கக் கொத்தும் தடவைகள் பெருகுகின்றன, தொட்டியருகே நிற்கும் நேரம் நீள்கிறது, அதற்குச் செலவாகும் ஆற்றல் வளர்ச்சியிலிருந்து கழிகிறது. மாவுத் தீவனம் உண்ணும் குஞ்சுகள் பெல்லட் உண்பவற்றைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நேரத்தைத் தின்பதிலேயே செலவிடுகின்றன என்று 1960களிலேயே அளந்து காட்டப்பட்டது. நல்ல பெல்லட் தரும் ஓய்வின் ஆதாயம், ஒரு கிலோ தீவனத்தில் 187 கிலோ கலோரி வரை கூடுதலாகச் சேர்த்ததற்கு ஒப்பாகும் என்று 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெல்லட் உடைந்து தூளாகும் அளவுக்கு அந்த ஆதாயமும் சுருங்கியது. பெல்லட்டில் எல்லாச் சத்தும் ஒரே துணுக்குக்குள் அடங்கியிருப்பதால் கோழி தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்க முடியாது என்பதும், சிந்துவது குறையும் என்பதும் இதனுடன் சேரும் நன்மைகள்.

கீழே சொல்லப்படுபவை யாவும், நோயும் காற்றோட்டக் குறையும் தண்ணீர்க் குறையும் இல்லை என்று உறுதி செய்த பிறகே பொருந்தும். எச்சத்தில் இரத்தம் தென்பட்டாலோ, இறப்பு திடீரெனக் கூடினாலோ, கோழிகள் மூச்சுக்குத் திணறினாலோ, தீவனத்தை ஆராய்வதற்கு முன் கால்நடை மருத்துவரை அழையுங்கள். ரத்தக் கழிச்சலால் குன்றிய கூட்டத்துக்குச் சல்லடையால் தீர்வு கிடைக்காது.

எந்த அறிகுறிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

தேவைப்படும் கருவிகள் ஒரு தராசும், 1 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு சல்லடையும் மட்டுமே. தீவனத்தை மூன்று இடங்களில் ஒவ்வொரு கிலோ எடுக்க வேண்டும்: மூட்டையிலிருந்து அல்லது சேமிப்புக் கலனின் வாயிலிருந்து ஒன்று, கொட்டகைக்குள் தீவன வரிசையின் முதல் தொட்டியிலிருந்து ஒன்று, கடைசித் தொட்டியிலிருந்து ஒன்று. தொட்டியிலிருந்து எடுக்கும்போது மேலாக அள்ளாமல் அடிவரை அள்ள வேண்டும். ஏனெனில் தூள் அடியில்தான் தங்கும். ஒவ்வொரு மாதிரியையும் ஒரே அளவு நேரம், ஒரே வேகத்தில் சலித்து, 1 மில்லிமீட்டர் துளையின் வழியே இறங்கியதை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முரட்டுத்தனமாகச் சலித்தால் நல்ல பெல்லட்டும் உடையும் என்பதால் மெதுவாகவே சலிக்க வேண்டும்.

பெல்லட் தீவனத்தில் 1 மில்லிமீட்டருக்குக் குறைவான தூள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பிழை எங்கே நுழைகிறது என்பது தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, மூட்டையிலேயே ஒரு கிலோவுக்கு 200 கிராம் தூள் இருந்தால் பிழை ஆலையிலோ, ஏற்றி இறக்கிய வழியிலோ இருக்கிறது. மூட்டையில் 60 கிராமும் கடைசித் தொட்டியில் 250 கிராமும் இருந்தால், ஆலையைக் குறை சொல்வதற்கு இடமில்லை. கொட்டகைக்குள் தீவனத்தைத் தள்ளும் திருகுக் குழாயோ, சங்கிலியோ, தொட்டியை நிரப்பும் முறையோதான் காரணம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் தீவன ஆலையுடன் வாதிடுவதில் பொருளில்லை என்பது என் உறுதியான கருத்து.

முதல் வாரத்திலேயே எடை பின்தங்குகிறது

ஏழாம் நாளில் குஞ்சின் எடை, பொரித்து வந்த நாளின் எடையைப் போல் நான்கு மடங்கையாவது தொட்டிருக்க வேண்டும். நன்றாகப் பராமரிக்கப்பட்ட கூட்டங்கள் நாலரை மடங்கையும் தாண்டும். அதை எட்டாத கூட்டத்தில் காரணம் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேயே தொடங்கியிருக்கும். ஆகவே அடுத்த தொகுதிக் குஞ்சுகள் வந்து இறங்கிய மறுநாள், குஞ்சுகளுக்கு வெப்பமூட்டும் புரூடர் வளையத்தின் மூன்று நான்கு இடங்களிலிருந்து முப்பது நாற்பது குஞ்சுகளைப் பிடித்து, கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பையை விரல் நுனியால் மென்மையாகத் தொட்டுப் பாருங்கள். அது உருண்டு, மென்மையாக, கூழ்போல் இருந்தால் குஞ்சு தீவனமும் தண்ணீரும் எடுத்திருக்கிறது. கெட்டியாக, தீவனத்தின் துணுக்குகள் விரலில் தட்டுப்படும்படி இருந்தால் தண்ணீர் போதவில்லை. நீர் மட்டும் நிறைந்து தளதளவென்று இருந்தால் தண்ணீரைக் கண்டுகொண்ட குஞ்சு தீவனத்தைக் கண்டுகொள்ளவில்லை. நூற்றில் 95 குஞ்சுகளுக்கு இந்த நேரத்துக்குள் தீனிப்பை நிறைந்திருக்க வேண்டும்.

தண்ணீர் இருந்தும் தீவனம் ஏறவில்லை என்றால், புரூடரின் வெப்பநிலை சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, உடனே தீவனத்தின் துணுக்களவுக்கு வாருங்கள். முதல் பத்து நாள்களுக்கு ஏற்றது 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரையிலான, தூள் சலித்து நீக்கப்பட்ட குருணைத் தீவனம். இதைவிடப் பெரிதாக இருந்தால் குஞ்சு அதை எடுக்கிறது, அலகுக்குள் கொள்ளாமல் கீழே போடுகிறது, மறுபடி எடுக்கிறது. இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. புரூடருக்குள் விரித்த காகிதத்தின்மீது புதுத் தீவனத்தைத் தூவி, சில மணி நேரம் கழித்து மிஞ்சிக் கிடப்பது என்ன என்று பாருங்கள். கடினமான பெரிய துண்டுகள் மட்டும் எஞ்சியிருந்தால், பெல்லட்டை உடைத்துக் குருணையாக்கும் உருளைகளுக்கிடையே இடைவெளி அதிகம் என்று ஆலைக்குச் சொல்ல வேண்டும். மாவு மட்டும் எஞ்சியிருந்தால் குருணையில் தூள் மிகுதி; குஞ்சுகள் பொறுக்கக்கூடியதைப் பொறுக்கிவிட்டுப் பட்டினியாக நிற்கின்றன.

இருக்கும் தூள் மிகுந்த தீவனத்தை வைத்தே சமாளிக்க வேண்டிய நிலையில், அதைச் சலித்துக் குருணையைக் குஞ்சுகளுக்கும், இறங்கிய தூளை வயது முதிர்ந்த கூட்டத்தின் தீவனத்தில் சிறிது சிறிதாகவும் கலந்து கொடுக்கலாம். ஆனால் மருந்து சேர்த்த தீவனமாக இருந்தால் அத்தூளை விற்பனைக்கு நெருங்கிய கூட்டத்துக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. தொட்டியை ஒரேயடியாக நிரப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை வைப்பதும், வைக்கும்போது காகிதத்தைத் தட்டி ஓசையெழுப்புவதும் குஞ்சுகளைத் தீவனத்தருகே வரவழைக்கும்.

அலகின் ஓரங்களிலும் உள்ளேயும் தீவனம் பசைபோல் ஒட்டி உலர்ந்திருந்தால் அது மிக நுண்ணிய மாவுத் தீவனத்தின் அடையாளம். கோதுமை அதிகம் உள்ள மாவில் இது இன்னும் கடுமையாக வரும். நீடித்தால் அலகின் ஓரம் புண்ணாகி, குஞ்சு உண்பதையே குறைத்துக்கொள்ளும். இதற்கு மருந்து தேவையில்லை. தானியத்தை நுண்மாவாக அரைக்காமல் கரகரப்பாக அரைத்தாலோ, குருணைக்கு மாறினாலோ புதிய புண் வருவது நின்றுவிடும்.

கூட்டத்தில் பெரியதும் சிறியதுமாக எடை சிதறுகிறது

சராசரி எடை ஓரளவு சரியாக இருந்தும் கூட்டம் சீராக இல்லை என்ற புகாரில்தான் தீவன வடிவத்தின் பங்கு மிக அதிகம் என்று கருதுகிறேன். மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுவே. நூறு கோழிகளையாவது தனித்தனியாக நிறுத்து, சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று கணக்கிடுங்கள். திட்ட விலக்கம் சராசரியில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கூட்டம் நன்றாக இருக்கிறது. 12, 13 என்று போனால் காரணம் தேட வேண்டும். நிறுக்கும்போது கொட்டகையின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் கோழிகளை எடுத்து, எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அது இல்லாத கணக்கு, கூட்டம் சிதறியிருக்கிறது என்று சொல்லுமே தவிர ஏன் என்று சொல்லாது.

தீவன வரிசையின் தொடக்கத்தில் உள்ளவை கனமாகவும் கடைசியில் உள்ளவை மெலிந்தும் இருந்தால், முன்னே சொன்ன சல்லடைச் சோதனையின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சங்கிலியில் ஓடும் தீவனத்தில் முதலில் நிற்கும் கோழிகள் முழுப் பெல்லட்டுகளைப் பொறுக்கிக்கொள்கின்றன; கடைசிக்குப் போய்ச் சேர்வது தூள். வட்டத் தட்டுகள் உள்ள வரிசையிலும், தீவனம் நெடுந்தூரம் உராய்ந்து போவதால் கடைத் தட்டுகளில் தூள் கூடுகிறது. கொட்டகையின் எல்லாப் பகுதியிலும் சிறியவை கலந்தே இருந்தால் விளக்கம் வேறு: ஒவ்வொரு தொட்டியிலும் வலுத்த கோழிகள் முதலில் வந்து பெல்லட்டைத் தின்று விலகுகின்றன, எளியவை பின்னால் வந்து அடியில் கிடக்கும் தூளைத் தின்கின்றன. இது நாளுக்கு நாள் இடைவெளியைப் பெருக்கும்.

மாவுத் தீவனத்தில் இதே பிழை இன்னும் ஆழமானது. பெல்லட் உடைந்து வந்த தூளில் பெல்லட்டில் இருந்த சத்தே பெரும்பாலும் இருக்கும். குறைவது உண்ணும் எளிமைதான். மாவுத் தீவனத்திலோ கரடுமுரடான மக்காச்சோளத் துண்டுகள் மேலேயும், உப்பு, சுண்ணாம்பு, அமினோ அமிலம், வைட்டமின் கலவை போன்ற நுண்தூள்கள் கீழேயும் பிரிகின்றன. சோளத்தைப் பொறுக்கிய கோழிக்கு மாவுச்சத்து மிகுந்து புரதமும் தாதுவும் குறைகின்றன. அடித்தூளைத் தின்ற கோழி உப்பு மிகுந்து தண்ணீரை அதிகம் குடித்து நீராகக் கழிகிறது. ஒரே கொட்டகையில் சில கோழிகளுக்குக் கால் பலவீனமும் வேறு சிலவற்றுக்கு நீர்த்த எச்சமும் காணப்பட்டால், நோயைத் தேடும் அதே வேளையில் தீவனம் பிரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். தொட்டியின் மேல்மட்டத்திலிருந்து ஒரு பிடியும் அடியிலிருந்து ஒரு பிடியும் எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பினாலே வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

திருத்தங்களில் செலவில்லாதது, தொட்டிகளை நாளுக்கு ஒருமுறை கோழிகளே துடைத்துத் தின்று முடிக்கும்வரை விட்டு, பிறகு புதுத் தீவனம் ஓட்டுவது. அடியில் பழைய தூள் மேலும் மேலும் சேர்வதை இது நிறுத்துகிறது. ஆனால் வெறும் தொட்டியோடு நெடுநேரம் விடக் கூடாது. பசித்த கூட்டம் முண்டியடித்து ஒன்றன் முதுகை ஒன்று கீறிவிடும். வரிசையை ஓட்டும்போது முழு வரிசையும் ஒரே ஓட்டத்தில் நிரம்பும்படி ஓட்ட வேண்டும். கோழிகள் கொட்டகையின் ஒரு முனைக்கே திரளாமல் இடைத்தடுப்புகள் வைத்தால், தொட்டிக்கு இத்தனை கோழிகள் என்ற கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றாக நிற்கும். மாவுத் தீவனமாக இருந்தால் மூலப்பொருள்களை ஏறத்தாழ ஒரே துணுக்களவுக்கு அரைப்பதும், நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு எண்ணெய் சேர்த்துத் தூளைத் துணுக்குகளோடு ஒட்டவைப்பதும் பிரிவதைக் கணிசமாகக் குறைக்கும். கலவையை உயரத்திலிருந்து கொட்டுவது பிரிதலைக் கூட்டும் என்பதால் சேமிப்புக் கலனுக்குள் விழும் தூரத்தையும் கவனிக்க வேண்டும்.

குருணையிலிருந்து பெல்லட்டுக்கு மாற்றிய நாளில் உட்கொள்ளல் விழுகிறது

இது பத்தாம் நாளை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்போ வரும். மாற்றிய மறுநாள் தீவனச் செலவு குறைந்து, இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியானால் குஞ்சுகள் புதிய வடிவுக்குப் பழகிக்கொண்டன என்று பொருள். இருந்தாலும் வேகமாக வளரும் வயதில் இழந்த அந்த நாள்கள் எளிதில் திரும்பி வருவதில்லை. மாற்றத்துக்கு முன் இரண்டு மூன்று நாள்கள் குருணையையும் பெல்லட்டையும் கலந்து வைத்தால் இந்தச் சரிவையே தவிர்க்கலாம்.

தானாகச் சரியாகாவிட்டால் பெல்லட்டை எடுத்து அளந்து பாருங்கள். இந்த வயதில் விட்டம் 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள்ளும் நீளம் 7 மில்லிமீட்டரைத் தாண்டாமலும் இருப்பது நல்லது. 18 நாள்களுக்குப் பிறகே 3 முதல் 4 மில்லிமீட்டர் விட்டமும் 5 முதல் 8 மில்லிமீட்டர் நீளமும் பொருந்தும். விட்டம் சரியாக இருந்தும் நீளம் மிகுந்திருப்பது அடிக்கடி காணப்படும் பிழை. மாவைத் துளைகளின் வழியே தள்ளிப் பெல்லட்டாக்கும் அச்சின் வெளிப்புறத்தில் பெல்லட்டை வெட்டும் கத்தி தேய்ந்தோ தள்ளியோ இருந்தால் இப்படி நேரும். வயதில் பிந்திய கோழிகளுக்கான பெல்லட்டே எல்லா வயதுக்கும் வருகிறது என்றால், குருணையை இன்னும் நான்கைந்து நாள்கள் நீட்டிப்பதுதான் பண்ணையில் செய்யக்கூடியது. அளவெல்லாம் சரியாக இருந்தும் கோழிகள் தீவனத்தை ஒதுக்கினால், மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடு ஆறாமல் மூட்டையில் அடைத்த பெல்லட் உள்ளுக்குள் வியர்த்துப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படிப்பட்ட மூட்டையைச் சலித்தோ வெயிலில் காயவைத்தோ கோழிக்குக் கொடுக்கவே கூடாது.

தீவனம் அதிகம் செலவாகிறது, எடை ஈடாக ஏறவில்லை

தீவன மாற்றுத் திறன், அதாவது தின்ற தீவனம் எடையாக மாறும் திறன், கெடும்போது, கோழி தின்றதையும் கோழி சிந்தியதையும் நாம் சேர்த்தே கணக்கிடுகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். தொட்டியின் கீழே தரையில் பரப்பியுள்ள கூளத்தைக் கையால் விலக்கிப் பாருங்கள். தீவனம் கிடந்தால் முதலில் தொட்டியின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும். கோழி வளர வளர அதையும் உயர்த்த வேண்டும். தட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீவனம் நிற்கக் கூடாது. உயரமும் அளவும் சரியாக இருந்தும் சிந்தல் தொடர்ந்தால் காரணம் தூள்தான்: அடியில் உள்ள தூளுக்குள் பெல்லட்டைத் தேடும் கோழி அலகால் வாரி வாரி வெளியே தள்ளுகிறது. மாவுத் தீவனத்தில் இன்னொரு வழியும் உண்டு. அலகில் ஒட்டிய மாவு தண்ணீர்த் தொட்டியில் கழுவப்பட்டு அடியில் படிகிறது. மணி வடிவத் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவும்போது கிடைக்கும் சேற்றின் அளவைக் கண்டால் இழப்பு எவ்வளவு என்பது விளங்கும். அச்சேறு தீவன இழப்போடு நில்லாமல் தண்ணீரில் கிருமி பெருகவும் இடம் தருகிறது.

தீவனத்தை வாளிக் கணக்கில் வைக்கும் பண்ணைகள் கவனிக்க: பெல்லட் மாவைவிட அடர்த்தியானது. வடிவம் மாறிய நாளில் வாளியின் எடையை மறுபடி நிறுக்காமல் விட்டால் பதிவேட்டின் எண்கள் யாவும் பொய்யாகிவிடும்.

பெல்லட் மிக உறுதியாக இருக்கிறது, ஆனாலும் வளர்ச்சி இல்லை

சல்லடையில் தூளே இறங்கவில்லை, கோழிகளும் விரும்பித் தின்கின்றன, ஆனால் எடை மட்டும் வரவில்லை. இந்த அறிகுறி பலரையும் குழப்புகிறது. உறுதியான பெல்லட்டெல்லாம் நல்ல பெல்லட் என்ற எண்ணமே குழப்பத்துக்குக் காரணம். பெல்லட்டின் உறுதியை ஆலையில் அளக்கும் வழக்கமான முறையில், சலித்த 500 கிராம் பெல்லட்டை ஒரு பெட்டிக்குள் நிமிடத்துக்கு 50 சுற்று வீதம் பத்து நிமிடம் சுழற்றி, மறுபடி சலித்து, உடையாமல் எஞ்சியதன் சதவீதத்தைச் சொல்கிறார்கள். அந்த எண்ணை உயர்த்த எளிய வழி, மாவை அச்சுக்குள் தள்ளும் முன் நீராவியின் வெப்பத்தைக் கூட்டுவது. மாவுச்சத்து பசையாகி நன்றாக ஒட்டும். ஆனால் வெப்பம் 80 முதல் 85 டிகிரி செல்சியசைத் தாண்டி 90ஐ நெருங்கும்போது இழப்புகள் தொடங்குகின்றன. தானியத்தில் பிணைந்துள்ள பாஸ்பரசை விடுவிக்கும் பைட்டேஸ் போன்ற நொதிகள், உறையில்லாதவையாக இருந்தால், செயலிழக்கின்றன, வைட்டமின்களில் சில அழிகின்றன, லைசின் என்னும் அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்து கோழிக்குக் கிடைக்காமல் போகிறது. கோதுமையும் பார்லியும் உள்ள தீவனத்தில் அவற்றின் நார்ப்பொருள் குடலில் பிசுபிசுப்பைக் கூட்டிச் செரிமானத்தைத் தடுக்கிறது.

இதை உறுதிசெய்யக் கோழியின் உடலிலேயே சான்றுகள் இருக்கும். எலும்பும் அலகும் வளைந்து கொடுக்கும் அளவுக்கு மென்மையாகி, கோழிகள் நடக்கத் தயங்கினால் பைட்டேஸ் அழிந்து பாஸ்பரஸ் போதாமல் போயிருக்கலாம். ஏனென்றால் நொதியை நம்பிச் சூத்திரத்தில் பாஸ்பரசைக் குறைத்திருப்பார்கள். எச்சம் பிசுபிசுவென்று வாலடியில் ஒட்டினால் குடலின் பிசுபிசுப்பை நினைக்க வேண்டும். ஆலையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நீராவிக் கலனின் வெப்பம் எவ்வளவு, மாவு அதற்குள் எத்தனை நொடி தங்குகிறது, நொதி உறையிட்டதா அல்லது பெல்லட் ஆறிய பிறகு மேலே தெளிக்கப்படுவதா. தயங்காமல் பதில் வந்தால் அந்த ஆலை தன் வேலையை அறிந்து செய்கிறது.

திருத்தம் வெப்பத்தைக் குறைப்பதில்தான் தொடங்குகிறது. ஆனால் உறுதியை வேறு வழியில் ஈட்ட வேண்டும். கலவையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் எண்ணெயைப் பெல்லட்டாக்கும் முன்பே சேர்த்தால் பெல்லட் உதிரும். மிகுதியான எண்ணெயைப் பிறகு மேலே தெளிக்கலாம். மக்காச்சோளத்தைவிடக் கோதுமை நன்றாகப் பிணைக்கும் என்பதால் கிடைக்குமிடத்தில் சிறு பங்கு கோதுமை உதவும். அச்சின் துளை நீளத்தைக் கூட்டுவதும் உறுதியைத் தரும், எனினும் இயந்திரம் இழுக்கும் மின்சாரம் கூடும். உறுதிக்கும் செரிமானத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், சற்று உதிரும் பெல்லட்டையும் உயிருள்ள நொதியையுமே நான் தேர்வேன். தூளைக் கொட்டகையில் ஓரளவு கட்டுப்படுத்தலாம், வெந்துபோன லைசினை எதுவும் மீட்காது.

எச்சத்தில் செரிக்காத துணுக்குகள், ஈரமான கூளம்

ரத்தக் கழிச்சலும் குடல் அழற்சியும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, அன்று இறந்த ஒன்றிரண்டு கோழிகளைத் திறந்து, தீவனத்தை அரைக்கும் தசைப்பையான அரைவைப்பையைப் பாருங்கள். ஆரோக்கியமான அரைவைப்பை கெட்டியான தசையோடு, முன்னால் உள்ள சுரப்பி இரைப்பையைவிடத் தெளிவாகப் பெரியதாக, இரண்டுக்கும் நடுவே ஓர் இடுங்கலோடு இருக்கும். அரைவைப்பை தளர்ந்து சிறுத்து, சுரப்பி இரைப்பை வீங்கி, இரண்டும் ஒரே பைபோலத் தோன்றினால் தீவனம் மிக நுண்ணிதாக அரைக்கப்பட்டிருக்கிறது. அரைக்க ஒன்றுமில்லாத தசை வளர்வதில்லை. தீவனம் அங்கே தங்காமல் வழிந்தோடுகிறது, அமிலமும் நொதியும் ஊற நேரமில்லை, செரிக்காமல் குடலுக்குப் போன புரதம் கிருமிகளுக்கு உணவாகிறது, அதன் முடிவுதான் கூளத்தின் ஈரம். பெல்லட் தீவனத்தில் இது எளிதில் மறைந்துவிடும்; வெளியே நல்ல குச்சியாகத் தெரிவது வயிற்றில் நனைந்தவுடன் நுண்மாவாகக் கரைகிறது. ஒரு கைப்பிடி பெல்லட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, 1 மில்லிமீட்டர் சல்லடையில் நீரோடு கழுவினால் உள்ளே கரகரப்பான துணுக்குகள் எவ்வளவு என்பது தெரியும். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் சந்தேகம் உறுதியாகிறது.

தானியத்தின் ஒரு பகுதியையாவது கரகரப்பாக அரைக்கும்படி ஆலையைக் கேட்பதே முறையான திருத்தம். ஓட்ஸ் உமி போன்ற கடினமான நாரை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சேர்ப்பதும் அரைவைப்பையை வளர்க்கும். முழுக் கோதுமையைப் பத்து நாளுக்குப் பிறகு சிறு பங்கில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கலக்கலாம். ஆனால் அந்த அளவுக்கு மீதித் தீவனத்தின் புரதமும் தாதுவும் நீர்த்துப்போகும் என்பதால் சூத்திரத்தை அதற்கேற்ப அமைக்காமல் செய்வது வளர்ச்சியைக் குறைக்கும்.

நன்றாக வளரும் கோழிகள் திடீரெனச் சாகின்றன

கூட்டத்தில் கனமான சேவல்கள் மல்லாந்து விழுந்து இறப்பதும், வயிற்றில் நீர் கோத்து இறப்பதும் பெல்லட் தீவனத்தோடு தொடர்புடையவை. தீவன வடிவம் இவற்றுக்கு நேரான காரணமாகாது. வேகமான வளர்ச்சி கேட்கும் ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் ஈடுகட்ட முடியாமல் போவதே காரணம். உயரமான இடங்களிலும், குளிரிலும், காற்றோட்டம் குறைந்த கொட்டகையிலும் இது கூடும். பெல்லட்டின் பங்கு அந்த வேகத்தை ஏற்றிவிடுவதுதான். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் சில நாள்கள் மாவுத் தீவனத்துக்கு மாறினால் வளர்ச்சி சற்று நிதானித்து இறப்பு குறையும். பின்னர் பெல்லட் தரும்போது இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பும். எனினும் நான் முதலில் பரிந்துரைப்பது காற்றோட்டத்தைச் சீர்செய்து, இரவில் நான்கு முதல் ஆறு மணி நேரம் தொடர்ந்த இருட்டைக் கொடுப்பதையே. அதனால் தீராதபோது வடிவத்தை மாற்றலாம்.

கோழிகள் ஒன்றையொன்று கொத்துவது பெல்லட் கொடுத்த பிறகு கூடினால், சீக்கிரம் தின்று முடித்து மீதி நேரம் சும்மா இருப்பது ஒரு காரணமாகும். வெளிச்சத்தைக் குறைப்பது பெரும்பாலும் போதும்.

கடும் வெயிலில் உட்கொள்ளல் விழுவது எந்த வடிவிலும் நேரும். பகலின் உச்ச வெப்பத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்தி, குளிர்ந்த பிறகு கொடுக்கும் பண்ணைகளுக்குப் பெல்லட் ஏற்றது. குறுகிய குளிர்ந்த நேரத்துக்குள் கோழி போதிய அளவு தின்றுவிடும். மாவுத் தீவனத்தைத் தண்ணீரில் பிசைந்து கொடுத்தால் உட்கொள்ளல் கூடும் என்பது உண்மை, ஆனால் வெயிலில் அது இரண்டு மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். அதற்குள் தின்று முடிக்கும் அளவே வைத்து, மிஞ்சியதை அகற்ற வேண்டும்.

திருத்தம் பலித்ததா என்று அறிதல்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தொட்டியின் உயரத்தையும், தீவன ஆலையையும், வெளிச்ச நேரத்தையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு எது பலித்தது என்பது தெரியாமலே போகும். சிந்தல் குறைந்ததை மறுநாளே காணலாம். உட்கொள்ளல் இரண்டு மூன்று நாளில் தெரியும். எடைக்கு ஒரு வாரம் வேண்டும். அரைவைப்பையின் வளர்ச்சியைக் காண இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். கூட்டத்தின் சீர்மையோ நடுவில் திருந்துவது அரிது, அதை அடுத்த தொகுதியில்தான் பார்க்க முடியும்.

ஒவ்வொரு தீவன வரவிலும் ஒரு கிலோவை எடுத்து, காற்றுப் புகாத உறையில் இட்டு, வந்த நாளும் தொகுதி எண்ணும் எழுதி, அந்தக் கூட்டம் விற்பனையாகும்வரை குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். எடை குறைந்தது என்று மூன்று வாரம் கழித்துத் தெரியவரும்போது, அன்று வந்த தீவனத்தைச் சலித்துப் பார்க்கவும், ஆலையிடம் எண்ணோடு பேசவும் அந்த ஒரு கிலோதான் கையில் இருக்கும்.